லைட்டைச் சுத்துற அந்தப் பூச்சி யாரு? லாங் பஜாரில் தொடங்கும் ஓர் இரவுப் பாடம்

கோடை மழை அரை மணி நேரம் கொட்டித் தீர்த்த ஒரு மாலை. வேலூர் லாங் பஜாரில் தண்ணீர் வடிந்து, ஓரமாக ஒதுங்கிய தள்ளுவண்டிகள் திரும்பி வரும். கடைகளில் லைட் எரியத் தொடங்கும். அடுத்த கால் மணி நேரத்தில் இன்னொரு கூட்டமும் வந்து சேரும். டியூப்லைட்டில் முட்டும், கல்லாப் பெட்டி மேல் விழும், பில் போடுகிறவர் சட்டைக்குள் நுழையும்.

"பாய், வெளி லைட்ட கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க, மூஞ்சியிலயே வந்து அடிக்குது!"

கடைக்காரர் முன்பக்க விளக்கை அணைப்பார். கூட்டம் அப்படியே பக்கத்துக் கடைக்குப் போகும். காலையில் பெருக்கும்போது வாசலில் ஒரு முறம் இறக்கை. யாராவது கேட்டால் பதில் ஒரே வார்த்தையில் வரும்: "பூச்சி".

அந்த ஒரே வார்த்தைக்குள் பல பேர் இருக்கிறார்கள். மணிலாக் காட்டை மொட்டையடிக்கக்கூடிய ஒருவர் இருக்கலாம். ராத்திரியில் பப்பாளிப் பூவுக்கு மகரந்தம் சுமக்கும் ஒருவர் இருக்கலாம். பக்கத்து ஆரணியில் நெய்கிற பட்டுக்கு நூல் கொடுக்கும் பட்டுப்பூச்சியின் தூரத்துச் சொந்தமும் இருக்கலாம். யார் யார் என்று தெரிந்துகொள்ள ஒரு வெள்ளை வேட்டியும் ஒரு பல்பும் கையில் இருக்கும் போனும் போதும்.

முதல்ல, அது அந்துப்பூச்சிதானா?

மழை முடிந்தவுடன் லைட்டுக்குக் கும்பலாக வருவதில் பெரும்பங்கு ஈசல். ஈசல் என்பது இறக்கை முளைத்த கறையான். அதன் 4 இறக்கைகளும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில், கண்ணாடித் தாள்போல இருக்கும். கொஞ்ச நேரத்தில் இறக்கையை உதிர்த்துவிட்டுத் தரையில் ஊரும். காலையில் முறத்தில் அள்ளுவது பெரும்பாலும் இதைத்தான்.

முதுகு கெட்டியாக, விழும்போது 'டக்' என்று சத்தம் கேட்டால் அது வண்டு. தோல் மண்டிகளில் உப்புப் போட்ட பச்சைத் தோலைத் தின்று ஓட்டை போடுவதும் ஒரு வண்டின் புழுதான். அதையும் 'அந்து' என்று சொல்லிவிடுவது உண்டு. ஆனால், அது அந்துப்பூச்சி இல்லை.

அந்துப்பூச்சியின் அடையாளம் பொடி. இறக்கையைத் தொட்டால் விரலில் மாவு மாதிரி ஒட்டும். ஓடு வேய்ந்ததுபோல இறக்கை மேல் அடுக்கியிருக்கும் நுண்ணிய செதில்கள்தான் அந்தப் பொடி. வண்ணத்துப்பூச்சிக்கும் இதே செதில்கள் உண்டு. இரண்டும் ஒரே குடும்ப மரத்தின் கிளைகள்.

பழைய வீடுகளில் நெல் குதிரைத் திறந்தால் பறக்குமே, சாம்பல் நிறத்தில் ஒரு குட்டிப் பூச்சி? தமிழில் 'அந்து' என்ற பெயர் முதலில் அதற்குத்தான். பிறகு அந்த இனம் முழுவதற்கும் அதுவே பெயராகிவிட்டது. 'விட்டில்' என்பதும் விளக்கில் விழும் பூச்சிகளுக்குப் பொதுவாகப் புழங்கும் சொல்.

வண்ணத்துப்பூச்சியிலிருந்து எப்படிப் பிரிப்பது?

முதலில் உணர்கொம்பைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சியின் கொம்பு நுனியில் தீக்குச்சிபோல ஒரு குமிழ் இருக்கும். அந்துப்பூச்சிக்கு அது நூல் மாதிரியோ, இறகு அல்லது சீப்பு மாதிரியோ இருக்கும். இறகு போன்ற கொம்பு பெரும்பாலும் ஆணுக்கு. பெண் காற்றில் விடும் வாசனையைத் தூரத்திலிருந்தே பிடிக்கும் ஆன்டெனா அது.

அடுத்தது உட்காரும் விதம். வண்ணத்துப்பூச்சி பொதுவாக இறக்கைகளை முதுகுக்கு மேல் கூப்பி நிற்கும். அந்துப்பூச்சி தட்டையாக விரித்தோ கூரைபோலச் சாய்த்தோ உட்காரும். 'ராத்திரி வந்தால் அந்துப்பூச்சி' என்ற கணக்கு எப்போதும் சரிவராது. குளவிபோல வேஷம் போட்டுப் பட்டப்பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகளும் உண்டு.

எண்ணிக்கையைப் பார்த்தால் நம் கவனம் எவ்வளவு ஒருபக்கமாக இருக்கிறது என்பது புரியும். உலகில் பெயர் வைக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிகள் சுமார் 18 ஆயிரம் வகை. அந்துப்பூச்சிகள் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம். இந்தியாவில் மட்டும் 10 ஆயிரத்துக்கும் மேல். 'தமிழ் மறவன்' மாநில வண்ணத்துப்பூச்சி என்பது போட்டித் தேர்வு எழுதும் எல்லோருக்கும் தெரியும். அந்துப்பூச்சியில் ஒரு பெயர் சொல்லச் சொன்னால் பலருக்குப் பட்டுப்பூச்சியோடு நின்றுவிடும்.

சரி, லைட்டை ஏன் சுத்துது?

இந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகளாக ஒரு பதில் சொல்லப்பட்டு வந்தது. பூச்சி நிலாவை வைத்துத் திசை பார்க்கிறது, பல்பை நிலா என்று நினைத்து ஏமாறுகிறது என்பது அந்தப் பதில். சூடு பிடிக்கிறது என்றும் சிலர் சொன்னார்கள். சூடே இல்லாத எல்இடி விளக்குக்கும் கூட்டம் வருவதால் அந்த வாதம் நிற்கவில்லை.

2024 ஜனவரியில் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஆய்வு வேறு விளக்கம் தந்தது. சாமுவேல் ஃபேபியன், யஷ் சோந்தி உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதிவேக கேமராக்களை வைத்து, விளக்கருகே பறக்கும் பூச்சிகளைச் சோதனைக்கூடத்திலும் கோஸ்டா ரிகா காட்டிலும் படம் பிடித்தார்கள். மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பூச்சி விளக்கை நோக்கிப் பாயவில்லை. தன் முதுகை விளக்கின் பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தது.

காரணம் எளிது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக ராத்திரியில் வெளிச்சமான பக்கம் என்றால் அது வானம்தான். முதுகு வெளிச்சத்தைப் பார்த்திருந்தால் உடம்பு நேராக இருக்கிறது என்று அர்த்தம். மேல் எது, கீழ் எது என்று நொடிப்பொழுதில் தெரிந்துகொள்ளப் பூச்சிக்கு இருக்கும் வழி இது. அந்த நேரத்தில் பக்கவாட்டில் ஒரு பல்பு எரிந்தால் கணக்கு தவறிவிடுகிறது. பல்பை 'மேலே' என்று எடுத்துக்கொண்டு முதுகைச் சாய்க்கிறது. சாய்ந்தபடி பறப்பதால் பாதை வளைகிறது. வளைந்து வளைந்து அதே விளக்கைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

விளக்குக்கு நேர் மேலே வந்த பூச்சிகள் தலைகீழாகக் கவிழ்ந்து விழுந்தன. விளக்குக்குக் கீழே வந்தவை செங்குத்தாக ஏறி, வேகம் குறைந்து தடுமாறின. தலைக்கு மேலே வெள்ளைத் துணி கட்டி வெளிச்சத்தைப் பரவலாக விழ வைத்தபோது பெரும்பாலும் ஒழுங்காக, நேராகப் பறந்தன. ஆக, அவை லைட்டை ஆசைப்பட்டுத் தேடி வந்து சுற்றவில்லை. பக்கத்தில் வந்ததும் மாட்டிக்கொள்கின்றன.

எல்லாப் பூச்சியும் இப்படி மாட்டுவதில்லை. நம் வீட்டு அரளிச் செடியில் புழுவாக வளரும் அரளி ஹாக் மாத், சோதனையில் விளக்குக்கு மேலே முதுகைத் திருப்பாமல் பறந்து போனது. பழ ஈயும் அப்படியே.

மணிலாக் காட்டில் எரியும் விளக்கு

லாங் பஜாரில் தொல்லையாகத் தெரியும் இந்தக் குணம், வேலூரைச் சுற்றியுள்ள மானாவாரி மணிலாக் காடுகளில் ஆயுதம். அங்கே பேச்சு சிவப்புக் கம்பளிப்புழுவைப் பற்றியது.

இதன் தாய், தந்தை இரண்டும் அந்துப்பூச்சிகள். முன்னிறக்கை பழுப்பு கலந்த வெள்ளை, அதன் முன்விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு. பின்னிறக்கை வெள்ளை, அதில் கறுப்புப் புள்ளிகள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். பெண் பூச்சி இலைக்கு அடியில் நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். பொரிந்து வரும் புழுக்கள் முதலில் ஒரே இடத்தில் கும்பலாக இலையைச் சுரண்டும். வளர்ந்ததும் உடம்பெல்லாம் செம்பழுப்பு முடியோடு, ஒரு கொல்லையை முடித்துவிட்டுப் படைபோல அடுத்த கொல்லைக்கு நடக்கும். அவை போன பிறகு செடியில் காம்பும் தண்டும்தான் மிஞ்சும்.

இந்தப் பூச்சியின் பலவீனம் அதன் காலண்டர். பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். வளர்ந்த புழு வரப்போரத்திலும் மர நிழலிலும் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிவிடும். பல மாதம் அசையாமல் அப்படியே கிடக்கும். நல்ல கோடை மழை மண்ணை நனைத்ததும் அடுத்த சில நாட்களில் மாலை நேரத்தில் கூட்டமாகக் கிளம்பி வெளியே வரும். மழை எப்போது என்று தெரிந்தால் பூச்சி எப்போது என்றும் தெரிந்துவிடும்.

அதனால்தான் வேளாண் துறையும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மழை பெய்தவுடன் விளக்குப் பொறி வைக்கச் சொல்கின்றன. ஒரு விளக்கு, அதன் கீழே மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டு, அவ்வளவுதான். சொக்கப்பனை மாதிரி தீ மூட்டி வைப்பதும் பழைய வழக்கம். முட்டை வைக்கும் முன்பே ஒரு பெண் பூச்சி தட்டில் விழுந்தால் நூற்றுக்கணக்கான புழுக்கள் குறைகின்றன. கோடை உழவு போட்டால் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு மேலே வந்து பறவைக்கு இரையாகும். புழு நடக்க ஆரம்பித்துவிட்டால், கொல்லையைச் சுற்றிக் குழி வெட்டி, காட்டாமணக்குக் கொத்துகளைப் போட்டு, அதில் சேரும் புழுக்களை அழிப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் மட்டும் விளக்கு வைத்தால் போதாது. பக்கத்துக் கொல்லையில் வைக்காவிட்டால் அங்கே பொரிந்த புழு நடந்தே இங்கே வந்துவிடும். ஊரே சேர்ந்து, ஒரே வாரத்தில், மழை ஈரம் காய்வதற்குள் செய்ய வேண்டிய வேலை இது. லைட்டுக்கு வந்த பூச்சியின் பெயர் தெரிவதற்கு விலை உண்டு என்பது இங்கேதான் புரியும். மஞ்சள் கோடு போட்ட வெள்ளைப் பூச்சி திண்ணை விளக்கில் திடீரென நிறையத் தெரிந்தால் அது காட்டுக்கு வரும் முன்னறிவிப்பு. சந்தேகம் இருந்தால் போட்டோவோடு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ உள்ளூர் வேளாண் அலுவலரையோ கேட்கலாம்.

நீங்களும் பார்க்க: வேட்டி, பல்பு, போன்

ஆய்வாளர்கள் மெர்குரி விளக்கோ புற ஊதா விளக்கோ வைத்து வெள்ளைத் திரை கட்டுகிறார்கள். வீட்டு மொட்டை மாடியில் தொடங்க அவ்வளவு செலவு வேண்டாம்.

• துணி: வெள்ளை வேட்டி அல்லது பெட்ஷீட். கொடியில் கட்டித் தொங்கவிட்டு, கீழ்ப்பகுதியைத் தரையில் கொஞ்சம் விரித்துவிடுங்கள். விழும் பூச்சி மிதிபடாது.

• விளக்கு: வெள்ளை எல்இடி பல்பு போதும். புற ஊதா எல்இடி இருந்தால் கூட்டம் அதிகம் வரும். ஆனால், அதை நேராகப் பார்க்காதீர்கள். மழைத் தூறல் இருந்தால் வயர், பிளக் விஷயத்தில் கவனம்.

• நேரம்: இருட்டியதிலிருந்து 10, 11 மணி வரை. அமாவாசையை ஒட்டிய நாட்கள் நல்லது. பௌர்ணமியில் வரவு குறையும். காற்று இல்லாத, புழுக்கமான, மழைக்கு அடுத்த ராத்திரி என்றால் அதிர்ஷ்டம்.

• போட்டோ: முதுகுப் பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து இன்னொன்று எடுத்தால் அளவு தெரியும். தேதி, நேரம், இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

• கை வைக்காதீர்கள்: பொடி போனால் இறக்கை கெடும். அந்துப்பூச்சி பொதுவாகக் கடிக்காது, கொட்டாது. ஆனால், முடி அடர்ந்த புழுக்களைத் தொட்டால் அரிப்பும் தடிப்பும் வரலாம்.

• முடிக்கும்போது: விளக்கை அணைத்து, துணியை மெதுவாக உதறிச் செடிப் பக்கம் விடுங்கள். விடியும் வரை அங்கேயே விட்டால் பல்லிக்கும் கரிச்சானுக்கும் விருந்தாகிவிடும்.

லைட்டுக்கு வராத வகைகளும் உண்டு. கனிந்துபோன வாழைப்பழத்தை வெல்லத்தோடு பிசைந்து மரத்தில் தடவி, ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

வருகிறவர்களில் சிலர்

முக்கோணமாக, ஜெட் விமானம் மாதிரி உட்கார்ந்திருந்தால் அது ஹாக் மாத் குடும்பம். இராணுவ உடை மாதிரி பச்சையில் வளைவு வளைவாகக் கோலம் போட்டிருந்தால் அரளி ஹாக் மாத். அதன் புழுவை அரளியிலும் நந்தியாவட்டையிலும் தேடலாம். தலைக்குப் பின்னால் நீல நிறத்தில் இரண்டு பொய்க் கண் இருக்கும்.

அதே குடும்பத்தில், முதுகில் மண்டை ஓடு வரைந்ததுபோல ஒருவர் வருவார். 1991இல் வந்த 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' பட போஸ்டரில் நடிகையின் வாயை மூடியிருப்பது இந்தக் கூட்டத்து ஆள்தான். பிடித்தால் எலி மாதிரி 'கீச்' என்று கத்தும். தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் குடிக்கும். புழுவாக இருக்கும்போது எள்ளுச் செடியில் வளரும். மண்டை ஓட்டைப் பார்த்து அபசகுனம் என்று அடித்துவிட வேண்டாம். ஆளுக்கு ஒன்றும் செய்யாது.

வெள்ளையில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி வைத்த சிறிய பூச்சி என்றால் சணப்பைச் செடியில் வளர்ந்தது. பழுப்பு இலை மாதிரி உட்கார்ந்து, இறக்கையைத் தூக்கினால் உள்ளே பளீரென்ற ஆரஞ்சு நிறம் தெரிந்தால் அது பழத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும் வகை. சாத்துக்குடி, மாதுளைத் தோட்டக்காரர்களுக்குப் பழைய எதிரி. சுவரில் ஒட்டிய 'டி' எழுத்து மாதிரி மெலிந்து இருப்பது ப்ளூம் மாத்.

மலைப் பகுதிகளில் வெளிர் பச்சையில் நீண்ட வாலோடு நிலா அந்துப்பூச்சி வரும். முழுதாக வளர்ந்த பிறகு அதற்குச் சாப்பிட வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துக்கொண்டு சில நாள் வாழும். ஜோடி தேடி, முட்டை வைத்து, முடிந்துவிடும். அந்தச் சில நாளில் ஒரு ராத்திரியை ஒரு பல்பைச் சுற்றிக் கழித்தால் அதற்கு எவ்வளவு நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

பெயர் எங்கே கிடைக்கும்?

எடுத்த படத்தை ஐநேச்சுரலிஸ்ட் செயலியிலோ இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலோ ஏற்றலாம். செயலி ஊகம் சொல்லும். பிறகு தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். 'மாத்ஸ் ஆஃப் இந்தியா' தளத்தில் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதல் ஊகத்தையே முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல வகைகளைப் படத்தை மட்டும் வைத்துப் பிரிக்கவே முடியாது. குடும்பத்தின் பெயர் தெரிந்தாலே நல்ல தொடக்கம்.

இந்த வேலைக்கு இங்கே பழைய வேர் உண்டு. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஜார்ஜ் ஹாம்ப்சன் அங்கே அந்துப்பூச்சி சேகரிக்க ஆரம்பித்து, பின்னர் லண்டன் அருங்காட்சியகத்தில் சேர்ந்தார். 1892 முதல் 1896 வரை அவர் எழுதிய 4 தொகுதிகள் இன்றும் இந்திய அந்துப்பூச்சி ஆய்வுக்கு அடிப்படை. 1893இல் அவர் இலங்கையிலிருந்து பதிவு செய்த 'மிமியூசீமியா சிலோனிகா' என்ற பூச்சி, 127 ஆண்டுகள் கழித்து 2020இல் நம் களக்காடு முண்டந்துறைப் பகுதியில் ஏட்ரீ அமைப்பு நடத்திய கணக்கெடுப்பில் தென்பட்டது. இந்தியாவில் அதுவே அதன் முதல் பதிவு.

சேர்ந்து பார்க்க விரும்பினால் ஜூலை கடைசி வாரத்தை ஒதுக்கலாம். 2012இல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் தொடங்கிய 'தேசிய அந்துப்பூச்சி வாரம்' இப்போது உலகம் முழுக்க நடக்கிறது. இந்தியாவிலும் பலர் திரை கட்டுகிறார்கள்.

லைட் எரிந்தால் என்ன குறைந்துவிடும்?

இங்கிலாந்தில் தெருவிளக்கு உள்ள, இல்லாத சாலையோரங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. விளக்கு உள்ள இடத்துப் புதர்வேலிகளில் அந்துப்பூச்சிப் புழுக்கள் 47 சதவீதம் குறைவு. புல் ஓரங்களில் 33 சதவீதம் குறைவு. வெள்ளை எல்இடி விளக்குகளின் கீழ் பாதிப்பு இன்னும் அதிகம். புழு குறைந்தால் அதைக் குஞ்சுக்கு ஊட்டும் பறவைக்கு உணவு இல்லை. அந்துப்பூச்சி குறைந்தால் வௌவாலுக்கு இரை இல்லை. மரமல்லி மாதிரி ராத்திரியில் மணக்கும் வெள்ளைப் பூக்களுக்கும் விருந்தாளி குறையும்.

இருட்டின் அருமை இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூரை வானியலாளர்கள் தேர்ந்தெடுத்ததற்கு அங்கிருந்த இருண்ட வானமும் ஒரு காரணம். 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இயங்குகிறது. நட்சத்திரம் பார்க்கிறவருக்கும் அந்துப்பூச்சிக்கும் தேவை ஒன்றுதான்.

அதற்காகக் கடைவீதியை இருட்டாக்கச் சொல்ல முடியாது. செய்யக்கூடியவை சின்னச் சின்ன மாற்றங்கள். வாசல் விளக்குக்கு நீல வெள்ளையைவிட மஞ்சள் எல்இடி போட்டால் பூச்சி வரவு குறையும். கல்லாப் பெட்டியில் விழும் கூட்டமும் குறையும். வெளிச்சம் கீழ்நோக்கி விழும்படி மேலே ஒரு மூடி வைத்தால் வானத்துக்கு வீணாகப் போகாது. சுவரையோ மரத்தையோ கீழிருந்து மேலே அடிக்கும் ஃபோகஸ் லைட்தான் பூச்சியைக் கவிழ்ப்பதில் மோசம். ஷட்டர் இறக்கிய பிறகும் எரியும் போர்டு லைட்டுக்கு ஒரு டைமர் வைத்தால் கரன்ட் பில்லும் இறங்கும்.

அடுத்த மழைக்கு நேதாஜி மார்க்கெட் பக்கம் லைட்டில் ஒன்று வந்து மோதினால், விரட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் கொம்பையும் இறக்கையையும் பாருங்கள். முன்விளிம்பில் மஞ்சள் கோடு போட்ட வெள்ளைப் பூச்சி என்றால் ஒரு போட்டோ எடுத்து ஊரில் மணிலா போட்டிருக்கும் மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ அனுப்புங்கள். வேறு யாராவது என்றால், லைட்டை ஒரு பத்து நிமிஷம் அணையுங்கள். அது தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும்.